தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கேமரா: இலை நோய் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

செல்போனில் இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகளைப் பற்றிச் சில வாரங்களாகக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பயன்படுத்துகிறவர்களும் கேட்கிறார்கள், அத்தகைய செயலிகளை உருவாக்க முயல்கிறவர்களும் கேட்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

நெல் இலையில் புள்ளி விழுந்திருந்தது. காலையில் படம் எடுத்தபோது செயலி ‘குலை நோய்’ என்றது. அதே இலையைச் சாயங்காலம் எடுத்தால் ‘செம்புள்ளி நோய்’ என்கிறது. எதை நம்பி மருந்து வாங்குவது?
– விவசாயி, திருக்காட்டுப்பள்ளி

இரண்டில் எதையும் நம்பி இன்றைக்கே மருந்து வாங்க வேண்டாம். இலை அப்படியேதான் இருக்கிறது. மாறியது வெளிச்சம்.

காலையில் இலை மேல் பனித்துளி நிற்கும். புள்ளியின் மீது துளி உட்கார்ந்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, படத்தில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ விழும். குலை நோயின் அடையாளமே நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்பதுதான். அதனால் செயலி ஏமாறுகிறது. சாயங்கால வெயிலில் மஞ்சள் அதிகம். புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருப்பது போலப் படம் விழும், அது செம்புள்ளியின் அடையாளம். இதற்கு மேல், இன்றைய செல்போன்கள் செடியைக் கண்டால் தாமாகவே பச்சையைக் கூட்டி அழகாக்குகின்றன. கேமரா அமைப்பில் காட்சியைத் தானே கண்டறிந்து நிறம் மாற்றும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், சுமார் 8 முதல் 10 மணிக்குள் எடுங்கள். வெயில் நேராக விழுந்தால் உங்கள் உடல் நிழலிலேயே இலையைக் கொண்டுவாருங்கள், ஆனால் பாதி நிழல் பாதி வெயிலாக விழக் கூடாது. ஃபிளாஷ் வேண்டாம், ஜூம் வேண்டாம். லென்ஸை வேட்டித் தலைப்பாலாவது துடைத்துவிடுங்கள். வயலில் நிற்கும்போது கைரேகையும் தூசியும் படிந்த லென்ஸ்தான் கெட்ட படத்துக்கு முதல் காரணம். 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் பிடித்து, திரையில் புள்ளியின் மேல் விரலால் ஒருமுறை தொட்டு, அது கூர்மையான பிறகு எடுங்கள். ஒரு இலைக்கு ஒரு படம் போதாது. முழுத் தூர் ஒன்று, இலை முழுவதும் ஒன்று, புள்ளி நெருக்கத்தில் ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று என நாலு படம். பிறகு பக்கத்துத் தூர்கள் மூன்றில் இதையே செய்யுங்கள். நான்கு தூருக்கும் ஒரே பதில் வந்தால் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. செயலிக்குள் போகும்போது உங்கள் படம் சுருங்கிவிடுகிறது. படங்களைப் பார்த்து நோயைப் பிரிக்கக் கற்ற நிரலை மாடல் என்பார்கள். பெரும்பாலான மாடல்கள் 224-க்கு 224 பிக்சல் கட்டத்தைத்தான் பார்க்கின்றன. 20 செ.மீ. இலையை முழுதாகப் படத்தில் அடைத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.9 மி.மீ. வரும். 1 மி.மீ. புள்ளி ஒரே ஒரு பிக்சலாகச் சுருங்கிப்போகும். உங்கள் போன் எத்தனை மெகாபிக்சல் என்பது அங்கே உதவாது. அதனால்தான் நெருக்கத்தில் எடுத்த படத்தை வெட்டிக் கொடுக்கச் சொல்கிறோம். 4 செ.மீ. அகலம் மட்டும் தெரியும்படி வெட்டினால் அதே புள்ளிக்கு ஐந்தாறு பிக்சல் அகலம் கிடைக்கும், வடிவம் தெரியும்.

கண்ணால் பார்த்தே பிரிக்க ஒரு வழி: குலை நோய்ப் புள்ளி வளர்ந்ததும் கண் வடிவில், இரண்டு முனையும் கூராக இருக்கும். செம்புள்ளி எள் அளவில், முட்டை வடிவில், இலை முழுக்கச் சிதறியிருக்கும். ஆனால் இரண்டுமே முதல் ஓரிரு நாளில் வெறும் பழுப்புப் பொட்டுதான். அந்த நிலையில் அனுபவமுள்ளவரும் வடிவத்தை வைத்துச் சொல்ல மாட்டார். அந்த இலையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி எடுங்கள். இரவில் குளிரும் பனியும் இருந்து, தழைச்சத்தும் கூடுதலாகப் போட்டிருந்தால் குலை நோய்ப் பக்கம் சந்தேகம் சாயும். சத்துக் குறைந்த, சாம்பல் சத்து போதாத மண் என்றால் செம்புள்ளிப் பக்கம்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக பிளான்ட்வில்லேஜ் என்ற பொது இலைப்படத் தொகுப்பை வைத்து ஒரு மாடல் பயிற்றுவித்தேன். சோதனையில் 98 சதவீதம் சரி. ஊரில் நேராகப் போய் எடுத்த படங்களில் மூன்றில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. எங்கே தவறு?
– பொறியியல் மாணவி, கோவில்பட்டி

உங்கள் நிரலில் தவறு இல்லாமல் இருக்கலாம். தவறு படத்தொகுப்பிலும், சோதித்த முறையிலும் இருக்கிறது.

அந்தத் தொகுப்பில் 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள், மொத்தம் 38 வகுப்புகள். 2016-இல் அதை வைத்து வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வில் 99.35 சதவீதம் சரியாக வந்தது. அதே ஆய்வாளர்கள் வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது சரி விகிதம் 31 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் நின்றது. அவர்களே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் மற்றவர்கள். 2022-இல் இன்னொரு ஆய்வு, அதே தொகுப்புப் படங்களில் இலையைத் தொடாமல், ஓரங்களிலும் மூலைகளிலும் உள்ள பின்புலத்திலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்துப் பயிற்சி கொடுத்தது. 49 சதவீதம் சரி வந்தது! 38 வகுப்பில் குருட்டாம்போக்கில் சொன்னால் 3 சதவீதம்கூட வராது. அப்படியானால் ஒவ்வொரு நோயின் இலையையும் வேறு வேறு மேசை, வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள், மாடல் மேசையைப் படித்துவைத்துக்கொண்டது என்றுதான் பொருள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் பக்கத்திலேயே நல்ல தொகுப்பு இருக்கிறது. திருநெல்வேலிக்கு அருகே பள்ளமடை கிராமத்து வயல்களில் எடுத்த ‘பேடி டாக்டர்’ தொகுப்பு: 16,225 நெல் இலைப் படங்கள், நலமான இலையையும் சேர்த்து 13 வகுப்புகள். வயலின் சேறும் நிழலும் பின்னணியில் தெரிகிற படங்கள் அவை. அதை அடிப்படையாக வையுங்கள், அதன் மேல் உங்கள் சொந்தப் படங்களைச் சேருங்கள். ஒரு நோய்க்கு 2 வயலில் 3,000 படம் எடுப்பதைவிட 15 வயலில் 300 படம் எடுப்பது மேல். படம் எடுத்த பிறகு பயிர் நோயியல் தெரிந்த இருவரிடம் தனித்தனியாகப் பெயரிடச் சொல்லுங்கள். இருவரும் ஒத்துப்போகாத படங்களைத் தூக்கி எறியாமல் தனிக் கோப்பில் வையுங்கள், அவைதான் பின்னால் மாடலைச் சோதிக்கச் சரியான கடினமான கேள்விகள்.

பிரிக்கும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். படங்களைக் குலுக்கிப் போட்டு 80-க்கு 20 என்று பிரித்தால், ஒரே தூரில் அடுத்தடுத்த நொடியில் எடுத்த இரு படங்களில் ஒன்று பயிற்சிக்கும் மற்றொன்று சோதனைக்கும் போய்விடும். அது கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியான தேர்வு. வயல் வாரியாகப் பிரியுங்கள். சோதனைக்கு ஒதுக்கிய வயலின் ஒரு படம்கூடப் பயிற்சிப் பக்கம் வரக் கூடாது. முடிந்தால் பருவத்தையும் பிரியுங்கள்: குறுவையில் பயிற்சி, சம்பாவில் சோதனை. எண் 98-லிருந்து 70-க்குக்கூட இறங்கலாம். அந்த 70தான் உண்மை, திட்ட அறிக்கையில் அதையே எழுதுங்கள்.

பயிற்சியின்போது படங்களைத் திருப்பலாம், புரட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நிறத்தை மட்டும் அளவோடு தொடுங்கள். பூனைப் படத்துக்கு நிறத்தைச் சுழற்றினால் ஒன்றும் கெடாது. இலையில் மஞ்சள் ஆரஞ்சாக மாறினால் துத்தநாகக் குறைபாடும் துங்ரோ என்ற நெல் வைரஸ் நோயும் இடம் மாறிப்போகும். மொபைல்நெட் (போனில் ஓடும்படி சிறிதாக அமைத்த மாடல்) போன்ற, பொதுப் படங்களில் முன்பயிற்சி பெற்ற மாடலில் முதல் 5 சுற்று கடைசி அடுக்கை மட்டும் 0.001 கற்றல் வேகத்தில் பயிற்றுங்கள். பிறகு மேலடுக்குகளைத் திறந்து 0.00001 வேகத்தில் தொடருங்கள். எடுத்த எடுப்பிலேயே எல்லா அடுக்கையும் திறந்துவிட்டால் மாடல் ஏற்கெனவே கற்றதைத் தொலைத்துவிடும்.

எங்கள் மரவள்ளியில் குருத்து இலைகள் கொத்தாகச் சுருங்கி நிற்கின்றன. ஒரு செயலி ‘தேமல் நோய் 91%’ என்றது. இன்னொன்று ‘பழுப்புக் கீற்று நோய்’ என்றது. வேளாண் அலுவலர் இரண்டும் இல்லை என்கிறார். இவ்வளவு உறுதியாகச் சொல்லும் செயலி எப்படித் தவறும்?
– மரவள்ளி விவசாயி, ராசிபுரம்

அந்த 91 சதவீதத்தின் பொருளைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். மாடலுக்கு ஐந்து நோய் சொல்லிக் கொடுத்திருந்தால், எந்தப் படத்தைக் காட்டினாலும் 100 மதிப்பெண்ணை அந்த ஐந்துக்குள்தான் பங்கு பிரிக்கும். நோட்டா பொத்தான் இல்லாத வாக்கு இயந்திரம் அது. ஆறாவதாக ஒன்று வந்து நின்றால், இருப்பதில் எது கொஞ்சம் ஒத்திருக்கிறதோ அதற்கு ஓட்டு விழும். 91 என்பது ‘இந்த ஐந்தில் இதுதான் நெருக்கம்’ என்று மட்டுமே சொல்கிறது.

மரவள்ளிக்கு உலகில் பரவலாகப் பயன்படும் படத்தொகுப்பு உகாண்டாவில் திரட்டியது. 2020-இல் போட்டிக்காக வெளியிட்ட 21,367 படங்களில் ஐந்து வகுப்புகள்: பாக்டீரியா கருகல், பழுப்புக் கீற்று, பச்சைத் தேமல், தேமல், நலமான இலை. அவற்றில் 13,158 படங்கள் தேமல் மட்டுமே, ஐந்தில் மூன்று பங்கு. சந்தேகம் வந்தால் ‘தேமல்’ என்று சொல்லியே அதில் பயின்ற மாடல் அதிக மதிப்பெண் வாங்கப் பழகியிருக்கும். பழுப்புக் கீற்று நோயோ கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருந்துயரம், நம் நாட்டு மரவள்ளியில் இல்லாதது. நாமக்கல்லில் நிற்கும் செடிக்கு அந்தப் பெயரைச் சொல்லும் செயலிக்கு நீங்கள் எந்தக் கண்டத்தில் நிற்கிறீர்கள் என்றே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீங்கள் விவரிப்பது மாவுப்பூச்சித் தாக்குதலாக இருக்க வாய்ப்பு அதிகம். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவையும் 2008-இல் தாய்லாந்தையும் பதம்பார்த்து, 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கும் வந்தது. குருத்து இலையைத் திருப்பி அடிப்புறம் பாருங்கள். வெளிர்சிவப்பு உடலில் வெள்ளை மாவு பூசியது போலப் பூச்சிகள் இருக்கும், கணுக்களுக்கு இடையில் தண்டு குட்டையாகியிருக்கும். தேமலில் பூச்சி மாவு இருக்காது. இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலையின் விரல் போன்ற மடல் ஒருபக்கமாகக் கோணியிருக்கும். மேலே இருந்து எடுத்த படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அடிப்புறப் படம் கேட்காத செயலி இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த அனாகைரஸ் லோப்பசி என்ற சின்னஞ்சிறு குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் வளர்த்து, 2022-இல் வயல்களில் விடத் தொடங்கியது. தேமல் என்று எண்ணி, அதைப் பரப்பும் வெள்ளை ஈயை ஒழிக்கக் கடுமையான பூச்சிமருந்தை அடித்தால் அந்தக் குளவியும் செத்துப்போகும். தேமல்தான் என்றால், வைரஸுக்கு மருந்தே கிடையாது. அடுத்த நடவுக்கு நோயில்லாத செடியிலிருந்து கரணை எடுப்பதுதான் வழி.

செயலி இணையம் இல்லாமல் வேலை செய்யுமா? எங்கள் கமங்களில் சிக்னல் கிடைக்காது. நண்பர் ஒருவர் செய்து தந்த செயலி கணினியில் சரியாகச் சொல்கிறது, போனில் எந்த இலைக்கும் ஒரே பதிலைத் தருகிறது.
– வாசகர், கிளிநொச்சி

வேலை செய்யும். மொபைல்நெட் இரண்டாம் பதிப்பில் சுமார் 34 லட்சம் எண்கள். ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் 14 எம்பி, 1 பைட்டாகச் சுருக்கினால் 4 எம்பிக்குள் அடங்கும். பழைய போனிலும் ஓடும்.

ஒரே பதில் வருவதற்கு மூன்று காரணங்களைப் பாருங்கள். பயிற்சியில் பிக்சல் மதிப்பு –1 முதல் 1 வரை இருந்து, போன் செயலி 0 முதல் 255 வரை அப்படியே கொடுத்தால் மாடல் திணறி ஒரே வகுப்பில் விழும். இதுதான் அடிக்கடி நடப்பது. அடுத்து, சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கலாம். சில நூலகங்கள் நீலத்தை முதலில் வைத்துப் படிக்கின்றன. மஞ்சள் இலை நீலப்பச்சையாக உள்ளே போகும். மூன்றாவது, மாடலை 1 பைட்டுக்குச் சுருக்கும்போது அளவுகோலாகக் கொடுக்கும் மாதிரிப் படங்கள் வயல் படங்களாக இருக்க வேண்டும். 200 படம் போதும், ஆனால் எல்லா நோயும், காலை மாலை வெளிச்சமும் அதில் இருக்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி: ஒரே படக் கோப்பைக் கணினியிலும் போனிலும் கொடுத்து, மாடலுக்குள் நுழையும் முதல் பத்து எண்களை அச்சிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். அங்கேயே குற்றம் பிடிபடும்.

ட்ரோன் பறக்கவிட்டால் ஏக்கர் கணக்கில் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாமே?
– வாசகர், கம்பம்

திட்டுகளைப் பார்க்கலாம், புள்ளிகளைப் பார்க்க முடியாது. 20 மெகாபிக்சல், ஒரு அங்குல உணரி கொண்ட வழக்கமான ட்ரோன் 10 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2.7 மி.மீ. காட்டும், 30 மீட்டரில் 8 மி.மீ. ஒரு அடையாளத்தை உறுதியாகச் சொல்ல அதன் குறுக்கே ஐந்து பிக்சலாவது வேண்டும். 2 மி.மீ. புள்ளி அங்கே இல்லவே இல்லை. தாழப் பறந்தால் இறக்கைக் காற்றில் இலை ஆடிப் படம் மங்கும். புகையான் பூச்சி தாக்கி வட்டமாகக் காய்ந்த இடம், பாக்டீரியா இலைக்கருகல் பரவிய பட்டை போன்றவற்றை ட்ரோன் நன்றாகக் காட்டும். அந்த இடத்துக்கு நடந்துபோய் போனில் எடுப்பது அடுத்த வேலை.

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பல கிராமங்களின் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். புதிதாக வரும் நோயை முன்கூட்டியே பிடிக்க ஒரு எச்சரிக்கை ஏற்பாடு செய்ய விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
– நிர்வாக அலுவலர், மன்னார்குடி

இந்த மாதம் வந்தவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தெரிந்த நோயைப் பெயர் சொல்ல இன்று பல கருவிகள் உண்டு. புதியது வரும்போது அதைத் தெரிந்த பெயருக்குள் அடக்கிப் புதைத்துவிடாமல் இருப்பதுதான் கடினம். உங்கள் ஏற்பாட்டின் மையத்தில் ‘தெரியாது’ என்ற பதில் இருக்க வேண்டும்.

மாடல் செய்து தருகிறவரிடம் இரண்டு வேலை கேளுங்கள். ஒன்று, பதில் சொல்வதற்கு முன் தூரம் அளக்க வேண்டும். மொபைல்நெட் ஒவ்வொரு படத்தையும் கடைசி அடுக்குக்கு முன்னால் 1,280 எண்களாக மாற்றுகிறது. புதுப் படத்தின் எண்கள், பயிற்சியில் பார்த்த படங்களின் எண்களிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளந்து, எல்லையைத் தாண்டினால் ‘தெரியாது, ஆளை அழையுங்கள்’ என்று சொல்ல வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்த்து எல்லை வைத்தால் போதாது. தெரியாத படத்துக்கும் 91 வரும் என்பதை ராசிபுரத்துக் கேள்வியில் பார்த்தோம். எல்லையை, தெரிந்த நோய்ப் படங்களில் 95 சதவீதம் தடையில்லாமல் கடக்கும் இடத்தில் வைத்துத் தொடங்கலாம்.

இரண்டாவது, மறைத்துவைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். துங்ரோ படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாடலைப் பயிற்றுவித்து, பிறகு துங்ரோ படங்களைக் காட்ட வேண்டும். எத்தனை படத்துக்கு ‘தெரியாது’ என்கிறது? 100-க்கு 60 என்றால் தொடங்கலாம். 100-க்கு 10 என்றால், புது நோய் வந்தாலும் உங்கள் ஏற்பாடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நோயையும் முறைவைத்து இப்படி மறைத்துப் பாருங்கள். விற்க வருகிறவர் இந்தச் சோதனையின் முடிவைக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்து, பொய் எச்சரிக்கைக்குத் தயாராகுங்கள். கணக்கைப் பாருங்கள். 1,000 இலைப் படத்தில் 10 மட்டுமே உண்மையில் நோயுள்ளவை. நோயிருந்தாலும் இல்லாவிட்டாலும் 100-க்கு 95 முறை சரியாகச் சொல்லும் மாடல் அந்தப் பத்தில் ஒன்பதையோ பத்தையோ பிடிக்கும். மீதி 990 நல்ல இலைகளில் சுமார் 50-ஐயும் நோய் என்று சொல்லும். ஏறத்தாழ 60 எச்சரிக்கையில் ஆறில் ஒன்றுதான் மெய். நோய் அரிதாக இருக்கும் தொடக்க நாளில் இது தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினால் மூன்றாம் வாரம் யாரும் படிக்க மாட்டார்கள், அல்லது எல்லோரும் மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். இரண்டாவது முதலாவதைவிட மோசம்.

அதனால் தனிப் படத்துக்கு அசையாமல், குவியலுக்கு அசையுங்கள். ஒரே கிராமத்தில் 7 நாளுக்குள் வேறு வேறு வயல்களிலிருந்து 3 ‘தெரியாது’ வந்தால் ஒருவர் நேரில் போக வேண்டும். எண்ணை உங்கள் ஆள்பலத்துக்கேற்பப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது போனில் இடக்குறி (எடுத்த இடத்தைப் படத்தோடு பதியும் வசதி) அணைந்திருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ரகம், நட்ட தேதி, கடைசியாக என்ன தெளித்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். களைக்கொல்லி பட்டுக் கருகிய இலைதான் ‘புது நோய்’ என்று அதிகம் வரும்.

நேரில் போகிறவர் வயலிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. பாக்டீரியா இலைக்கருகல் என்று சந்தேகம் வந்தால், நோய் பரவும் ஓரத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுமுனை மூழ்கும்படி நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல மெல்லிய கலங்கல் இழையாக இறங்கும். பூஞ்சை நோயில் இது வராது. துங்ரோ என்று சந்தேகம் வந்தால் விடியலில் 6 மணிக்கு முன் இலை நுனி 10 செ.மீ. வெட்டி, 100 மி.லி. நீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த கரைசலில் 15 நிமிடம் வையுங்கள். கருநீலக் கோடுகள் தெரிந்தால் துங்ரோ. வெயில் ஏறிய பிறகு வெட்டினால் நல்ல இலையிலும் மாவுச்சத்து சேர்ந்திருக்கும், அதுவும் நீலமாகிக் குழப்பும்.

இரண்டிலும் அடங்காதது ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். முழுதும் காய்ந்த இலையை அனுப்பாதீர்கள், அதில் பின்னால் வந்த, செத்த இலையில் வாழும் பூஞ்சைகள்தான் வளரும். பாதி நலமாகவும் பாதி நோயாகவும் உள்ள இலைகள் பத்து, செய்தித்தாள் மடிப்பில் வைத்துக் காகித உறையில். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். வைரஸ் சந்தேகம் என்றால் மட்டும் இளம் இலையை ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு, ஐஸ் பெட்டியில். வெள்ளிக்கிழமை அனுப்பினால் இரண்டு நாள் வழியில் கிடக்கும், திங்களன்று அனுப்புங்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் முன்கூட்டியே ஒருவரைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தேசியப் பூச்சி கண்காணிப்பு அமைப்பின் செயலியிலும் படத்தை ஏற்றலாம். கிசான் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551.

ஆய்வுக்கூட முடிவு வந்ததும் அதை அந்தப் படத்தோடு சேர்த்துச் சேமியுங்கள். பாதிப்பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ‘தெரியாது’ என்று வந்த படங்களுக்கு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பெயர் கொடுத்தால், இரண்டு பருவத்தில் உங்கள் பகுதிக்கென்றே ஒரு படத்தொகுப்பு உருவாகும். அது எந்த விலைக்கும் வெளியில் கிடைக்காதது.

மிளகாய் இலைச் சுருட்டைக்கு எந்தச் செயலி நல்லது?
– விவசாயி, சாத்தூர்

இலையை மட்டும் படம் எடுத்தால் எந்தச் செயலியும் பாதிதான் சொல்லும். இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி என்பது பழைய கணக்கு, இன்றும் உதவும். ஆனால் 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாயைப் பாழாக்கிய கருப்பு இலைப்பேன் பூவுக்குள் ஒளிந்திருக்கும். வயலில் அங்கங்கே பத்துச் செடி தேர்ந்து, செடிக்கு மூன்று பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். ஒரு மி.மீ. நீளத்தில் கறுப்பாக ஓடுகிறவற்றை எண்ணி, போனில் மாட்டும் சிறு உருப்பெருக்கி லென்ஸால் அந்தத் தாளையே படம் எடுத்து, இலைப் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.